இறந்தோர் ஏடும் கேட்போர் பெயரும்

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஊர்தோறும் எழுதிவைக்கும் பதிவேடுகளைப் பொதுமக்கள் எவரும் பார்க்கலாமா என்னும் கேள்வி பெரும்பாலும் சட்டத்தின் கேள்வியாகவே பேசப்பட்டு வருகிறது. தம் கொடிவழியைத் தேடுவோரின் உரிமை ஒரு தட்டிலும், தனிமனிதரின் அந்தரங்கம் மறு தட்டிலும் வைக்கப்பட்டு, இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் திறக்கலாம், அதுவரை மூடிவைக்கலாம் என்று ஓர் எண்ணில் வழக்கு முடிக்கப்படுகிறது. ஆனால் அந்த ஏடுகளில் பெயர் கண்டவர்களுள் மிகப் பலர் இறந்தவர்கள். ஆகவே, இறந்தவருக்கு மானம் என ஒன்று உண்டா, அவருக்குத் தீங்கு செய்ய முடியுமா, அவருடைய பெயரை எடுத்துச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்னும் பழைய சமயக் கேள்விகள் அந்தச் சட்டக் கேள்விக்கு அடியில் கிடக்கின்றன. இக்கேள்விகளைத் தப்பிக்க வழியில்லாமல் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்த நாடு ஜப்பான். அங்கே பௌத்தக் கோயிலின் இறந்தோர் ஏடும் அரசின் பதிவேடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக நடந்து வந்திருக்கின்றன.

இறந்தவருக்குத் தீங்கு என்பதே பொருளற்ற பேச்சு என்று கருதியவர் கிரேக்க ஞானி எபிக்யூரஸ். மரணம் வரும்போது மனிதன் இல்லை, மனிதன் இருக்கும்வரை மரணம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். உணர்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் இழிவும் இல்லை, புகழும் இல்லை. அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில், தம் அறவியல் நூலின் முதற் பகுதியில், மக்களுக்கும் பேரர்களுக்கும் நேரும் ஏற்றத்தாழ்வுகள் இறந்துபோன முன்னோரின் நல்வாழ்வைச் சற்றேனும் தொடுமா என்று வினவி, தொடும், ஆனால் மெலிதாகத் தொடும் என்பதுபோல ஒரு தயக்கமான விடையோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தயக்கம் எபிக்யூரசின் தெளிவைவிட உண்மைக்கு அருகில் இருப்பதாகவே தோன்றுகிறது. பௌத்தத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது: நிலையான ஆன்மா என ஒன்று இல்லை என்பதே அதன் அடிப்படைப் போதனையாக இருக்க, யாருடைய பெயரை ஏட்டில் எழுதி, யாருக்காக அதைப் படிப்பது?

ஜப்பானியப் பௌத்தக் கோயில்கள் வைத்திருக்கும் இறந்தோர் ஏட்டுக்குக் காகோச்சோ என்று பெயர். கடந்துபோனவற்றின் ஏடு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். இது இருவகைப்படும். ஒன்று, இறப்புகளை நடந்த வரிசையிலேயே ஆண்டு தோறும் எழுதிச் செல்வது. மற்றொன்று, மாதத்தின் நாட்களுக்கு நாளொரு பக்கமாக ஒதுக்கி, எந்த ஆண்டில், எந்த மாதத்தில் இறந்தவராயினும் அந்த நாளுக்குரிய பக்கத்தில் சேர்ப்பது. இரண்டாம் வகை ஏடு பெரும்பாலும் விசிறி மடிப்பாக மடித்த தடித்த தாளால் ஆனது. புத்தர் திருமுன் சிறு தாங்கியின் மேல் விரித்து வைக்கப்படும். கோயிலின் பிக்கு காலை வழிபாட்டில் அன்றைய நாளின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள பெயர்களைப் படிப்பார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த கிழவியும் சென்ற ஆண்டு இறந்த சிறுவனும் அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பார்கள். திதி என்ற ஒன்றைக்கொண்டு ஆண்டுகளைத் தாண்டிச் செல்லும் பழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு விளங்குவதில் தடையிராது.

ஏட்டில் முதலில் எழுதப்படுவது இறந்தவர் உயிரோடிருந்தபோது வழங்கிய பெயர் அன்று. இறந்தபின் கோயில் சூட்டும் துறவுப் பெயர்தான் முதலில் வருகிறது. அதற்குக் காய்மியோ என்று பெயர். சாவுக்குப் பின்னர் அவருக்குச் சீலம் ஏற்பிக்கப்பட்டு, அவர் புத்தரின் சீடராகிறார் என்பது இதன் கருத்து. அதன்பின் இறந்த நாள், சிலவற்றில் வயது, இன்னாரின் தந்தை, இன்னாரின் மனைவி என்னும் உறவுக் குறிப்பு ஆகியவை வரும். பெண்களின் இயற்பெயர் பழைய ஏடுகள் பலவற்றில் இல்லவே இல்லை. குடும்பத் தலைவரின் தாய், மனைவி, மகள் என்பதோடு எழுத்து நின்றுவிடும். பெயரின் ஈற்றில் சேரும் அடைமொழி, இறந்தவர் ஆணா பெண்ணா, குழந்தையா, கோயிலுக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். துறவுப் பெயர் என்று சொல்லப்பட்டாலும், இல்லறத்தின் தராதரம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது. இந்த முரண்பாடு பின்னால் பெரும் புண்ணாகத் திறந்துகொண்டது.

இத்தகைய ஏடுகள் எதுவும் பிற்காலப் பேரப்பிள்ளைகள் தேடிப் படிப்பதற்காகத் தொடங்கப்பட்டவை அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். இங்கிலாந்தில் 1538இல் அரச அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால் பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கியதும், கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் வழியாகத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியதும் ஆட்சியின் தேவைக்கும் திருவருட்சாதனத்தின் ஒழுங்குக்கும் ஆனவை. மறைவான திருமணங்களைத் தடுப்பது பின்னதன் வெளிப்படையான நோக்கம். ஜப்பானில் தோற்றுவாய் இன்னும் கடுமையானது. டோக்குகாவா ஆட்சி 1614இல் கிறித்தவத்தை நாடெங்கும் தடைசெய்தது. 1637-38இல் ஷிமாபாராவில் கிறித்தவக் குடியானவர்கள் பெருமளவில் பங்குகொண்ட கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் பிடி இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும், இவர் கிறித்தவர் அல்லர் என்று அக்கோயில் சான்றளிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஊர்தோறும் வீட்டுவாரியாக ஆட்களின் பெயர், வயது, சமயம் குறித்து எழுதப்பட்ட சமய விசாரணை ஏடுகள், ஐயத்தின் பேரில் பிறந்த ஏடுகளே. நம்பிக்கையின் அடையாளமாகத் தோன்றும் கோயில் உறுப்பினர் முறை, காவல்துறையின் கண்ணாகவும் இருந்தது. கோயில் காகோச்சோ இவ்விசாரணை ஏட்டிலிருந்து வேறானது. ஆயினும் எல்லாக் குடிகளும் ஏதோ ஒரு கோயிலுக்குள் அடங்கியாக வேண்டும் என்ற விதி வந்தபின்னரே அது எளிய குடியானவரையும் விடாமல் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

டோக்குகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871இல் குடும்பப் பதிவுச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு நாடு முழுவதும் பதிவை நடத்தி முடித்தது. கொசெகி எனப்படும் இப்பதிவேடு தனியாளை அன்றி வீட்டை அலகாகக் கொண்டது. யார் யாருக்குப் பிறந்தார், எத்தனையாவது பிள்ளை, எங்கிருந்து மணமாகி வந்தார், யாரைத் தத்தெடுத்தார், எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பன எல்லாம் அதில் ஒரே தாளில் கிடைக்கும். அதே 1871இல், தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அகற்றுதல் போன்ற தொழில்களால் தீட்டுடையவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் இழிபெயர்கள் அரசாணையால் நீக்கப்பட்டன. சட்டத்தின் கண்ணில் அவர்கள் பிற குடிமக்களுக்குச் சமமானார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டின் பதிவேட்டை எழுதிய ஊர் எழுத்தர்களுள் பலர், நீக்கப்பட்ட அந்தப் பழைய பெயரையோ, புதிய குடிமகன் என்னும் நயமான மாற்றுச் சொல்லையோ குடும்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். ஒழிக்கப்பட்ட சொல் ஒழிக்கப்பட்ட மறு ஆண்டே அரசின் ஏட்டில் நிலைபெற்றது. புராக்கு என்னும் சேரிகளைச் சேர்ந்தவர்கள் என்பதால் புராக்கு மக்கள் என்று அழைக்கப்படும் அவர்களின் பிற்கால வரலாறு பெருமளவுக்கு இந்த ஏட்டோடு நடந்த போராட்டம்.

குடும்பப் பதிவேடு நெடுங்காலம் திறந்தே இருந்தது. கட்டணம் செலுத்தி எவரும் எவருடைய பதிவையும் கேட்டுப் பெறலாம் என்பதே 1976 வரை பொது விதி. திறந்த ஏடு நல்லது என்னும் வாதம் அங்கும் இருந்தது: கடன் கொடுப்பவர், நிலம் வாங்குபவர், வாரிசைத் தேடுபவர் ஆகியோருக்கு அது உதவும், அரசு எழுதுவதை மக்கள் பார்க்க முடியாவிட்டால் அரசின் மேல் கண்காணிப்பு ஏது? ஆனால் அந்தத் திறந்த கதவின் வழியாக நுழைந்தவர்களுள் திருமணத்துக்கும் வேலைக்கும் முன் ஆளின் பூர்வீகத்தைத் துருவும் தனியார் துப்பறியும் நிலையங்களும் இருந்தன. பெண்ணின் தாத்தா எந்த ஊரில் பதிந்திருந்தார் என்று தெரிந்தால் போதும். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டே குலத்தை அளந்துவிடும் கலையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டுப் பதிவேடுகள் 1968இல் முத்திரையிட்டு மூடப்பட்டன. ஆனாலும் 1975இல் வேறொரு நூல் அகப்பட்டது: புராக்குக் குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, நிறுவனங்களுக்கு மறைவாக விற்கப்பட்ட பட்டியல். இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தது தெரியவந்தபோது நாடு அதிர்ந்தது. பட்டியலும் திறந்த பதிவேடும் ஒன்றோடொன்று சேரும்போதுதான் இரண்டுக்கும் கூர்மை. வேலைக்கு மனு போட்டவரின் பூர்வீக ஊரைப் பதிவேடு சொல்லும், அந்த ஊர் எது என்பதைப் பட்டியல் சொல்லும். மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு எவரும் பார்க்கலாம் என்ற விதி நீங்கியது. 2008இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கேட்பவரின் அடையாளத்தையும் காரணத்தையும் இன்னும் இறுக்கமாகச் சோதிக்க வகைசெய்தது.

இங்கே வம்சாவளி ஆர்வலர் ஒரு மறுப்பைக் கூறக்கூடும்: தீமை பதிவேட்டில் இல்லை, அதைப் பயன்படுத்தியவரின் மனத்தில் இருந்தது, உண்மை எவரையும் இழிவுபடுத்துவதில்லை, இழிவுபடுத்தும் கண்தான் இழிவுபடுத்துகிறது. கேட்க நேர்த்தியாக இருக்கும் இவ்வாதம், ஏட்டில் இருப்பது வெறும் செய்தி என்று எடுத்துக்கொள்கிறது. இன்னார் இன்ன நாளில் இறந்தார் என்பது செய்தி. ஆனால் அவருடைய பெயருக்கு அருகில் ஒழிக்கப்பட்ட இழிசொல்லை எழுத்தர் எழுதியது ஒரு செயல். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்த செயல். அந்த ஏட்டைத் திறந்து படிப்பவர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தச் செயலை இன்னொரு முறை நடத்திவைக்கிறார். கோயிலில் பெயரைப் படிப்பதும் அப்படித்தான் ஒரு செயலாகக் கருதப்படுகிறது; படிக்கும் கணத்தில் அப்பெயருக்குரியவருக்கு ஏதோ நன்மை செய்யப்படுகிறது என்பது அந்த வழிபாட்டின் நம்பிக்கை. நல்ல படிப்பு இறந்தவரைத் தொடும் என்றால், தீய படிப்பும் தொடும் என்பதை மறுக்க முடியாது. அரிஸ்டாட்டில் மெலிதாக என்று சொன்ன இடம் இங்கே சற்று அழுத்தமாகிறது.

கோயில் ஏட்டில் இது எவ்வளவு தூரம் சென்றது என்பதைத் துறவுப் பெயர்களின் விவகாரம் காட்டியது. ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சூட்டப்பட்ட காய்மியோக்களில் மிருகம், தோல், கொலைத்தொழில், தாழ்வு ஆகிய பொருள் தரும் எழுத்துகள் சேர்க்கப்பட்டிருந்தன. கல்லறைக் கல்லிலும் அவை வெட்டப்பட்டன. சில பெயர்களில் சூழ்ச்சி இன்னும் நுணுக்கமானது. சீன எழுத்தில் இருள் என்னும் பொருளுள்ள எழுத்தை வயல் என்னும் எழுத்தின் மேல் வைத்தால் கால்நடை என்னும் எழுத்தாகும். எருது என்னும் எழுத்தின் கீழ் ஒன்று என்னும் கோட்டை இழுத்தால் உயிர் என்னும் எழுத்தாகும். இந்த நான்கையும் பிரித்து எழுதினால் கெந்தா கியூயிச்சி என்று படிக்கக்கூடிய, தீங்கற்றதாகத் தோன்றும் ஒரு பெயர் கிடைக்கும்; கூட்டிப் படித்தால் விலங்கு என்னும் வசை கிடைக்கும். எழுத்தறியாத குடும்பம் அந்தப் பெயருக்கு முன் விளக்கேற்றிக் கைகூப்பியிருக்கும். அந்த ஏட்டைப் பின்னாளில் திறக்கும் இன்னொரு பிக்குவுக்கு மட்டும் குறிப்பு விளங்கும். நதிகள் கடலில் கலந்தபின் தத்தம் பெயரை இழப்பதுபோலச் சங்கத்தில் சேர்ந்தவர் பிறந்த குலத்தின் பெயரை இழக்கிறார் என்பது பௌத்தத்தின் பழைய உவமை. அந்தக் கடலின் கரையிலேயே, சீலம் ஏற்கும் அதே கணத்தில், ஒருவரை அவருடைய குலத்தோடு சேர்த்துக் கட்டிவைத்த பெயர் இது. சமயம் தன் போதனைக்கு எதிராகச் செய்த செயல்களுள் இவ்வளவு அமைதியாகவும், இவ்வளவு நீண்டகாலம் கண்டுபிடிக்கப்படாமலும் நடந்தது வேறு அதிகம் இராது.

புராக்கு மக்களுள் மிகப் பலர் ஜோதோ ஷின்ஷு என்னும் தூய நிலப் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1922இல் கியோத்தோவில் அவர்களது விடுதலைக்காகத் தோன்றிய சூய்ஹெய்ஷா என்னும் சமநிலை இயக்கத்தின் அறிக்கையை எழுதிய சைகோ மங்கிச்சி, நாரா பகுதியில் அப்பிரிவின் கோயில் ஒன்றில் பிறந்தவர். கோயில்கள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் அன்றே எழுந்தது. ஆயினும் 1979இல் பிரின்ஸ்டனில் கூடிய சமயமும் அமைதியும் பற்றிய உலக மாநாட்டில், சோத்தோ ஜென் பிரிவின் தலைமைப் பொறுப்பிலும் பௌத்தர் கூட்டமைப்பின் தலைமையிலும் இருந்த மச்சிதா முனேயோ, ஜப்பானில் இப்போது அத்தகைய பாகுபாடு இல்லை என்று கூறி, அறிக்கையிலிருந்து அதுபற்றிய வாசகத்தை நீக்கச் செய்தார். இதனால் எழுந்த கண்டனமே சோத்தோ பிரிவைத் தன் கோயில்களின் ஏடுகளையும் கல்லறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தது. பிற பிரிவுகளும் அவ்வழியில் இறங்கின. மச்சிதா 1984இல் நைரோபியில் கூடிய அடுத்த மாநாட்டில் தம் பேச்சைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்.

தேடியபோது கண்ட பெயர்களை என்ன செய்வது என்பதில்தான் இவ்விவகாரத்தின் தத்துவ முடிச்சு இருக்கிறது. அந்தப் பெயரையே நாள்தோறும் படித்துக்கொண்டிருப்பது வசையை வழிபாடாக்குவதாகும். ஏட்டைக் கொளுத்தி, கல்லை உடைத்துவிட்டால் வசை மறையும். ஆனால் வசைபாடப்பட்டார் என்பதற்கான சான்றும் மறையும், அதனால் நன்மை அடைவது பெயர் சூட்டிய நிறுவனமே. நாஜிகளின் பிடியில் இருந்த ஆம்ஸ்டர்டாமில் 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்பியக்கத்தினர் மக்கட் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்ததை எவரும் குறைகூற மாட்டார்கள், ஏனெனில் அங்கே ஏடு நாளைய கொலைக்குக் கருவியாக இருந்தது. கோயில் ஏடோ நேற்றைய கொடுமைக்குச் சாட்சி. பௌத்தப் பிரிவுகள் பொதுவாகச் சென்ற வழி, இறந்தவருக்குப் புதிய துறவுப் பெயர் சூட்டிப் புதிய ஏட்டில் எழுதுவதும், பழைய ஏட்டைப் பிறர் கண்ணில் படாமல் பாதுகாப்பதுமாகும். முதற் பார்வைக்கு இது அலுவலகத்தின் சமரசம்போலத் தோன்றலாம். உண்மையில் இரண்டு வேறு கடன்களை இரண்டு வேறு ஏடுகளில் பிரித்து வைத்ததில்தான் அதன் நேர்மை இருக்கிறது: ஓர் ஏடு இறந்தவரை நோக்கிப் பேசுகிறது, மற்றொன்று இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. வாழ்த்தும் ஏட்டில் பொய் இருக்கக் கூடாது, சாட்சி ஏட்டில் திருத்தம் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஏடு செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்ததே பழைய முறையின் பிழை.

இதன் விளைவாகக் கோயில் ஏடுகள் வெளியாருக்கு மூடப்பட்டன. காகோச்சோவைப் பார்வைக்குக் கொடுக்க வேண்டாம் என்று பெரிய பிரிவுகள் தம் கோயில்களுக்கு அறிவுறுத்தியுள்ளன. சமயப் பணியாளர் தம் தொழிலின் வழியாக அறிந்த பிறர் மறைபொருளை வெளியிடுவதைக் குற்றமாக்கும் விதி ஜப்பானின் தண்டனைச் சட்டத்தில், 134ஆம் பிரிவில், முன்னரே இருக்கிறது. இதில் இழப்பும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹிதா மலைநாட்டுக் கோயில் ஒன்றின் இறந்தோர் ஏட்டை வைத்துத்தான் ஆன் ஜானெட்டா என்னும் வரலாற்றாசிரியர், பழைய ஜப்பானில் பெரியம்மை எவ்வாறு அலையலையாக வந்து குழந்தைகளைக் கொண்டுபோனது என்பதை எழுத முடிந்தது. லூயி ஆன்ரி என்னும் பிரெஞ்சு மக்கட்தொகை அறிஞர் தம் நாட்டுப் பங்கு ஏடுகளிலிருந்து குடும்பங்களை மீட்டுக் கட்டும் முறையை உருவாக்க, அதை 1960களில் கற்றுவந்த ஹாயாமி அகிரா, கிறித்தவரைப் பிடிக்க எழுதப்பட்ட விசாரணை ஏடுகளிலிருந்து சாதாரணக் குடியானவர் எந்த வயதில் மணந்தார், எத்தனை பிள்ளை பெற்றார் என்பதையெல்லாம் கணக்கிட்டார். ஐயத்தின் பேரில் எழுதப்பட்டது அறிவாக மாறிய அபூர்வமான இடம் அது. ஆனால் அங்கே தேவைப்பட்டவை எண்களும் வயதுகளும் உறவுகளுமே. இன்னார் இன்ன தெருவினர் என்பதை வெளியிட வேண்டிய தேவை அவ்வறிவுக்கு இல்லை.

ஏட்டைத் திறப்பது எப்போதும் பாகுபாட்டுக்கே வழிவகுக்கும் என்பதும் இல்லை. அன்பின் பேரிலும் அத்துமீறல் நிகழலாம். இறந்தவர்களுக்குப் பதிலாள் வழியாகத் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது மோர்மன் திருச்சபையின் கொள்கை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு வசனத்தின் பேரில் அத்திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1840இல் அதைப் போதித்தார். முன்னோர் ஒவ்வொருவரின் பெயரும் நாளும் தெரிந்தால்தான் சடங்கு நடக்கும் என்பதால், 1894இல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் தோன்றியது. 1938 முதல் அச்சங்கம் உலகெங்கும் பதிவேடுகளை நுண்படமாக்கி வந்தது. இன்று பல நாட்டினர் தம் பாட்டன் பூட்டனைக் கண்டறிவது அந்த உழைப்பின் பயனால்தான். ஆனால் நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கும் அவ்வாறு திருமுழுக்கு நடந்தது தெரிந்தபோது எழுந்த வேதனை, 1995இல் அதை நிறுத்தும் ஓர் உடன்படிக்கைக்கு இட்டுச்சென்றது. வத்திக்கானும் 2008இல் பங்கு ஏடுகளை அச்சங்கத்துக்கு நுண்படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம் என்று மோர்மன் இறையியல் கூறுகிறது. ஆகவே தீங்கில்லை என்பது அவர்கள் விளக்கம். யூதரானதால் கொல்லப்பட்டவரின் பெயரை வேறொரு சமயத்தின் சடங்கில் உச்சரிப்பதைத் தாங்க முடியாத மகனுக்கு அந்த விளக்கம் போதவில்லை, போதவேண்டிய கட்டாயமும் இல்லை. ஏட்டைப் படிப்பது ஒரு செயல் என்பதை இருதரப்பாரும் ஒப்புக்கொண்ட வழக்கு இது. அந்தச் செயலைச் செய்யும் உறவு யாருக்கு உண்டு என்பதில்தான் பிரிந்தார்கள்.

உறவு என்னும் இச்சொல்லை உரிமை என்பதன் இடத்தில் வைத்துப் பார்த்தால் பல முடிச்சுகள் தளர்கின்றன. ஜப்பானியச் சட்டம் இப்போது, நேர் முன்னோரின் பதிவைக் காரணம் கூறாமலே பெற ஒருவரை அனுமதிக்கிறது. பக்கவழி உறவினரின் பதிவுக்குக் காரணம் வேண்டும். மற்றவருக்கு இன்னும் கடினம். எல்லோரும் இறந்தோ விலகியோ முடிந்துபோன குடும்பங்களின் பதிவுகளை 80 ஆண்டுகள் மட்டுமே வைத்திருந்து அழிக்கலாம் என்ற விதி 2010இல் 150 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 2024 மார்ச் முதல், நேர்வழி முன்னோரின் பதிவுகளை எந்த நகராட்சி அலுவலகத்திலிருந்தும் கேட்டுப் பெறலாம். ஆக, மகன் தந்தையைக் கேட்கும் கதவு அகலமாகிறது, அந்நியன் அந்நியனைக் கேட்கும் கதவு குறுகுகிறது. இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதற்கு மாறான வழியில், எவர் வேண்டுமானாலும் தேடிச் சான்று பெறலாம் என்று 17ஆம் பிரிவில் கூறிவிட்டு, இறப்புக்கான காரணத்தை மட்டும் அதில் காட்டக் கூடாது என்று தடுக்கிறது. மறைக்கப்பட வேண்டியது உடம்பின் நோய் என்று அது கருதியிருக்கிறது.

ஜப்பானில் நகராட்சிகள் பல தாமாகவே கொண்டுவந்த ஒரு சிறு ஏற்பாடு, பெரிய சட்டத் திருத்தங்களைவிடக் கூர்ந்த பார்வையுடையது என்று சொல்லலாம். முன்பே பதிந்துகொண்டவரின் குடும்பப் பதிவை வேறொருவர் கேட்டுப் பெற்றால், அப்படி ஒன்று வழங்கப்பட்டது என்னும் தகவல் அவருக்கு அனுப்பப்படும். ஏட்டைப் பார்த்தவர் மறைந்திருக்க முடியாது. கேட்பவரின் பெயரும் ஏட்டில் ஏறினால், பார்ப்பதும் பார்க்கப்படுவதும் ஒருவழிச் சாலையாக இராது. இறந்தவருக்கு அறிவிப்பு அனுப்ப முகவரி இல்லை. ஆனால் அவர் சந்ததியார் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது. யார் வந்தார், எதற்காகக் கேட்டார் என்பதை ஏட்டின் பின்தாளிலேயே எழுதிவைக்கும் கோயிலும், பங்கும், அலுவலகமும் ஏட்டைத் திறந்துவைக்க அஞ்ச வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் பதிவேட்டை அதில் உள்ளவரின் நேர்ப் பேரனுக்குக்கூடக் காட்டாமல் மூடிவைத்திருப்பது இந்த நோக்கில் சரியாகத் தோன்றவில்லை. தன் பூட்டனுக்கு எழுத்தர் இட்ட இழிசொல்லை ஊரார் காணக் கூடாது என்பது நியாயம். பூட்டனின் வழித்தோன்றல் காணக் கூடாது என்பது, எழுதியவனைக் காப்பாற்றுவதில் முடியும்.

சமயங்கள் நினைவைப்போலவே மறதிக்கும் முறை வகுத்திருக்கின்றன. ஜப்பானிய வழக்கில் 33ஆம் ஆண்டிலோ, சில இடங்களில் 50ஆம் ஆண்டிலோ நடக்கும் நினைவுச் சடங்கோடு இறந்தவர் தம் தனிப்பெயரைக் களைந்து, முன்னோர் என்னும் பெருந்திரளில் கலந்துவிடுகிறார். அவருக்காகத் தனியே சடங்கு இல்லை. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைக்கு மட்டும் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடுவோர், அதற்கு மேற்பட்டவரைத் தென்புலத்தார் என்னும் கூட்டத்தில் விட்டுவிடுவதும் இதனோடு ஒத்தது. அரசின் ஏட்டுக்கு இத்தகைய கரைதல் இல்லை; 150ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை ஒவ்வொருவரும் அதில் தனித்தனியே நிற்கிறார்கள். நாள்வாரியான கோயில் ஏடு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சடங்கு முடிந்துபோன பெயர்களையும் அது விட்டுவிடுவதில்லை, ஆனால் ஆண்டைப் பின்னுக்குத் தள்ளி, நாளை முன்னால் வைக்கிறது. ஜப்பான் 1873 தொடக்கத்தில் சூரிய நாட்காட்டிக்கு மாறும்வரை, அங்கே மாதத்துக்கு 30 நாட்களுக்கு மேல் இல்லை. ஆகவே 31ஆம் நாளுக்கான பக்கம் பின்னர் சேர்ந்தது. குடும்பப் பதிவேடு வருவதற்கு முன்பு கண்ணை மூடிய எவருக்கும் அந்தப் பக்கத்தில் இடமில்லை. மாதத்தின் கடைசி நாளில் பிக்கு அதைத் திறக்கும் காலைகளில், அரசின் ஏடும் அறிந்த பெயர்கள் மட்டுமே படிக்கப்படுகின்றன.